மட்டிக்குள் குடியிருக்கும் உண்ணிக்கு யார் சொந்தம்?

கேள்வி



நான் விலங்கியல் முதுகலை படிக்கிறேன். இளங்கலையில் செய்முறை வகுப்புக்காகக் குளத்து மட்டி ஒன்றைத் திறந்தபோது, செவுளின் மேல் எள்ளில் பாதிகூட இல்லாத சில புள்ளிகள் ஊர்ந்தன. "அது உண்ணிம்மா, துடைச்சிட்டுப் படத்தை வரை" என்று ஆய்வக உதவியாளர் சொல்லிவிட்டார். நானும் துடைத்துவிட்டு வரைந்தேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. மட்டிக்குள் வாழும் இந்த உண்ணிகளின் டிஎன்ஏவைப் படித்து, எது எதற்கு நெருங்கிய சொந்தம் என்று கிளைமரம் வரைகிறார்கள் என அண்மையில் அறிந்தேன். என் சந்தேகங்கள் இவை: நுண்ணோக்கியில் பார்த்தே உறவைச் சொல்லிவிட முடியாதா? இவ்வளவு சிறிய உயிரிலிருந்து டிஎன்ஏவை எப்படி எடுக்கிறார்கள்? மட்டிகள் கிளை பிரிந்தபோது அவற்றுக்குள் இருந்த உண்ணிகளும் கூடவே கிளை பிரிந்தன என்று அந்த மரம் காட்டுகிறதா? கடைசியாக ஒன்று: இதை நான் ஆய்வுக்கு எடுக்கலாமா?

வாசகி, மயிலாடுதுறை

பதில்

துடைத்தது போகட்டும். மட்டியை வரையச் சொன்ன வகுப்பில் உண்ணி இடைஞ்சல்தான்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் யூனியோனிகோலா என்ற பேரினத்தைச் சேர்ந்த நீர் உண்ணியாக இருக்கும். சிலந்தி வகுப்பைச் சேர்ந்தது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், லார்வாவுக்கு ஆறு. உலகில் இதுவரை 6,000-க்கும் மேற்பட்ட நீர் உண்ணி இனங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை வளர்ந்தபின் தண்ணீரில் தன்னிச்சையாகத் திரிந்து, தம்மைவிடச் சிறிய உயிர்களைப் பிடித்துச் சாற்றை உறிஞ்சுபவை. யூனியோனிகோலா அப்படியல்ல. 200-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இந்தப் பேரினத்தில் பல, இன்னோர் உயிருக்குள் குடியிருப்பவை. சில நன்னீர்ப் பஞ்சுயிரிகளில் இருக்கின்றன, சில ஆப்பிள் நத்தைகளில், மிகுதியானவை மட்டிகளில். ஐரோப்பிய மட்டியில் வாழும் ஓர் இனத்தை போன்ஸ் என்பவர் 1783-லேயே விவரித்துவிட்டார். பேரினத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் அமெரிக்க இயற்கையியலாளர் ஹால்டிமன்; ஆண்டு 1842.

டிஎன்ஏவுக்குப் போகுமுன் இந்த உண்ணியின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் இதற்குத் திரும்பத் திரும்ப வரவேண்டியிருக்கும். தாய் உண்ணி மட்டியின் சதைக்குள்ளேயே முட்டையிடுகிறது. செவுளிலா, ஓட்டை ஒட்டியிருக்கும் மேன்டில் தோலிலா, பாதத்திலா என்பது இனத்தைப் பொறுத்தது. பொரித்து வரும் ஆறுகால் லார்வா, பெரும்பாலான இனங்களில், மட்டியை விட்டு வெளியேறி கைரோனாமிட் என்ற கடிக்காத கொசுவைப் பற்றிக்கொள்கிறது. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் கடையில் வாங்கும் சிவப்புநிற 'பிளட் வார்ம்' இந்தக் கொசுவின் புழுதான். கொசு சிறகு முளைத்து வெளிவரும்போது லார்வாவும் அதன்மேல் ஒட்டியபடி பறக்கிறது. கொசு மறுபடி தண்ணீருக்கு வரும்போது லார்வா இறங்கிக்கொண்டு, ஒரு மட்டியைத் தேடி உள்ளே நுழைகிறது. அங்கே அசையாத ஓய்வுநிலை, நடமாடும் இளநிலை, இன்னோர் ஓய்வுநிலை, அதன்பிறகுதான் முழு உண்ணி. ஆக, மட்டிக்குள்ளேயே பிறந்து மட்டிக்குள்ளேயே சாகும் உயிரல்ல இது. இடையில் ஒருமுறை ஊர்விட்டு ஊர் பறக்கிறது.

சரி, உங்கள் முதல் சந்தேகம். நுண்ணோக்கி போதாதா?

இனத்தை அடையாளம் காணப் பல சமயம் போதும். உறவைச் சொல்லத்தான் போதாது. இனப்பெருக்கத் துளையைச் சுற்றியுள்ள தகடுகள், வாயருகே உள்ள உணர்கொம்புகள், காலின் முட்கள், நகங்கள் ஆகியவற்றைக் கொண்டு வகைப்பாட்டாளர்கள் இந்தப் பேரினத்தைப் பல துணைப்பேரினங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் இருந்து பணியாற்றிய மால்கம் விட்ரின் இதில் பெரும்பங்கு செய்தவர். ஆனால் ஒரு சிக்கல். மட்டிக்குள் வாழ நீந்தும் மயிர் எதற்கு? பஞ்சுயிரியோடு உறவு வைத்திருந்தாலும் வளர்ந்தபின் வெளியே நீந்தி வேட்டையாடும் யூனியோனிகோலா கிராசிபெஸுக்கு நீண்ட கால்களும் நீந்தும் மயிர்களும் உண்டு. மட்டிவாசிகளுக்கோ கால்கள் குட்டை, பருமன். மயிர்கள் குறைந்து, சதையைப் பற்ற வாகான நகங்கள். இரண்டு உண்ணி இனங்களுக்கு ஒரே மாதிரிக் கட்டைக்கால் இருந்தால், அது ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்தா, அல்லது ஒரே மாதிரி வீட்டில் வாழ்ந்ததால் தனித்தனியே வந்த வடிவமா? உடலமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லப் போனால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருவோம்.

எதிர்ப்பக்கத்திலும் ஏமாற்றம் உண்டு. பார்வைக்கு ஒன்றாக இருப்பவை இரண்டாக இருக்கலாம். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் யூனியோனிகோலா ஃபார்மோசா என்று ஓர் இனம். பைகனோடான் கேட்டராக்டா என்ற மட்டியில் இருப்பதும், யூட்டர்பாக்கியா இம்பெசில்லிஸ் என்ற மெல்லிய ஓட்டு மட்டியில் இருப்பதும் இதே இனம்தான் என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 1994-இல் டேல் எட்வர்ட்ஸும் விட்ரினும் இரண்டாவது மட்டியில் வாழ்வதைத் தனி இனமாக்கி யூனியோனிகோலா ஃபொய்லி என்று பெயரிட்டார்கள். எட்வர்ட்ஸும், வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் இந்த உண்ணிகளின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ராபர்ட் டிமாக்கும் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விரண்டும் மரபளவில் பிரிந்துபோனவை, உருவத்தில் ஒளிந்திருந்த இரட்டை இனங்கள் என்று காட்டியது. அப்போது அவர்கள் படித்தது டிஎன்ஏவை அல்ல. நொதிப் புரதங்களின் வேறுபாடுகளை. ஜெல்லில் மின்னோட்டம் பாய்ச்சி, ஒரே நொதியின் வெவ்வேறு வடிவங்கள் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்று பார்க்கும் பழைய முறை. மரபணுவின் நிழலைப் பார்த்தே இவ்வளவு சொல்ல முடிந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இவை ஒரே இனம்தானா என்ற சந்தேகத்தைக் கிளப்பியதில் உண்ணிகளின் நடத்தைக்கும் பங்கு உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. தண்ணீரில் தனியே விட்டால் இவ்வகை உண்ணி வெளிச்சத்தை நோக்கிப் போகும். அதே தண்ணீரில் அதன் மட்டியின் வாசம் கலந்திருந்தால் சட்டென்று திரும்பி இருட்டை நாடும். வெளிச்சத்தை விட்டு இருட்டுக்குப் போவதென்றால் மட்டியின் வாய்க்குள் போவது என்று பொருள். இதை 1930-லேயே வெல்ஷ் என்ற அமெரிக்கர் எழுதிவிட்டார். ஃபார்மோசாவிலும் இது நடப்பதை டிமாக்கும் சக ஆய்வாளர்களும் 1978-இல் காட்டினார்கள். எந்த மட்டியின் வாசத்துக்கு எந்த உண்ணி திரும்புகிறது என்று பார்க்கத் தொடங்கியவர்களுக்கு, 'ஒரே இனம்' என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாக இடறத்தானே செய்யும்?

இரண்டாவது சந்தேகம்: இத்துனூண்டு உயிரிலிருந்து டிஎன்ஏ.

அளவு தடையே இல்லை. பிசிஆர் முறை ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ துண்டை இரட்டிப்பாக்குகிறது. கணக்குப்படி 30 சுற்று ஓடினால் ஒரே ஒரு பிரதி நூறு கோடியைத் தாண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவோ ஒவ்வொரு செல்லிலும் பல நூறு பிரதிகளாக இருக்கிறது. பெரும்பாலோர் அதிலிருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவின் முதல் துணையலகை, சுருக்கமாக சிஓஐ என்பதை, எடுக்கிறார்கள். 1994-இல் ஃபோல்மரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு ஜோடி பிரைமர்கள் பல வகை முதுகெலும்பற்ற உயிர்களில் இந்த மரபணுவைப் பிடித்துக் கொடுத்தன. இன்று 'டிஎன்ஏ பார்கோடு' என்று சொல்லப்படுவது அந்தத் துண்டின் 658 எழுத்துகள்தான்.

கஷ்டமெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது.

முன்னால் இருப்பது பாட்டில். நீர் உண்ணி ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாக மாதிரிகளைக் கோனிகே திரவத்தில் போட்டு வைத்தார்கள். கிளிசரின், அசிட்டிக் அமிலம், தண்ணீர் மூன்றும் கலந்தது. உண்ணியின் உடல் மென்மையாக, மடக்கி விரிக்கத் தோதாக இருக்கும். நுண்ணோக்கி வேலைக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனால் அமிலம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். அருங்காட்சியகங்களில் அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கும் பழைய மாதிரிகளில் பெரும்பகுதி இதனால் மரபணு வேலைக்கு உதவாது. டிஎன்ஏவுக்கு 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனால் வேண்டும். எத்தனாலிலோ உண்ணி விறைத்துப்போகும், கால் ஒடியும். இரண்டு துறையும் சண்டை போட்டுக்கொள்ளாமல் இருக்க இப்போது ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. உண்ணியை நசுக்காமல், புரதத்தைக் கரைக்கும் நொதியில் ஊறவைத்து உள்ளிருக்கும் டிஎன்ஏவை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, மேலோட்டை அப்படியே கண்ணாடித் தகட்டில் பதித்துவிடுகிறார்கள். வரிசை கணினியில், உடல் அலமாரியில். நாளை ஒருவர் "இது அந்த இனமே இல்லை" என்று சொன்னால் எடுத்துக் காட்டலாம். சான்று மாதிரியை வைக்காமல் டிஎன்ஏ வரிசையை மட்டும் வெளியிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

பின்னால் இருப்பது வயிறு. ஃபார்மோசா தன் மட்டியின் திசுக்களையே உண்கிறது என்று தெரிந்திருக்கிறது. அப்படியானால் முழு உண்ணியிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் மட்டியின் டிஎன்ஏவும் கலந்திருக்கும். ஃபோல்மர் பிரைமர்களுக்கு உண்ணியும் ஒன்றுதான், மட்டியும் ஒன்றுதான். எது அதிகமோ அதைப் பெருக்கித் தரும். எனவே வந்த வரிசையை முதலில் ஜென்பேங்க் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு அது யாருடையது என்று பாருங்கள். உண்ணியைச் சில நாள் சுத்தமான நீரில் பட்டினி போட்டுவிட்டு எடுப்பதும் உதவும்.

இன்னொரு தொல்லை, செல்லின் உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்ட மைட்டோகாண்ட்ரியா துண்டுகள். அவை வேலை செய்யாத போலிப் பிரதிகள். பிசிஆர் அவற்றையும் எடுத்துத் தந்துவிடும். வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பார்த்தால் நடுவில் நிறுத்தக் குறி வரும், அதைக்கொண்டு கண்டுபிடிக்கலாம். ஆனால் மொழிபெயர்க்கும்போது சரியான மரபுக்குறி அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஐந்தாம் எண் அட்டவணை. பொது அட்டவணையில் டிஜிஏ என்பது நிறுத்தம், இங்கே அது டிரிப்டோஃபான் அமினோ அமிலம். இதைக் கவனிக்காமல் நல்ல வரிசையைக் குப்பையில் போட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி மரம். பத்து உண்ணி இனங்களின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பத்தையும் வேருள்ள கிளைமரமாக எத்தனை விதமாக இணைக்கலாம்? 3 கோடியே 44 லட்சத்து 59 ஆயிரத்து 425 விதமாக. இருபது இனம் என்றால் எண்ணை எழுதவே ஒரு வரி வேண்டும். ஆகவே மென்பொருள் எல்லா மரங்களையும் பார்ப்பதில்லை. நம் கையில் இருக்கும் வரிசைகள் உருவாக எந்த மரம் அதிக வாய்ப்புள்ளது என்று தேடித் தேடி நெருங்குகிறது. மரத்துக்கு வேர் வைக்க, குழுவுக்கு வெளியே இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் உறவுக்கார உண்ணியையும் சேர்க்க வேண்டும். கிளைகளின் மேல் 98, 71, 45 என்று எண்கள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1985-இல் கொண்டுவந்த பூட்ஸ்டிராப் முறையில் வருபவை அவை. தரவைக் கலைத்துக் கலைத்து மறுபடி மரம் வரையும்போது அதே கிளை நூற்றில் எத்தனை முறை திரும்பி வருகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். 71 என்றால் அந்தக் கிளை 71 சதவீதம் உண்மை என்று பொருளல்ல. எத்தனையோ ஆய்வேடுகளில் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட்ஸும் பிரையன் எர்ன்ஸ்டிங்கும் இந்த வேலையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தார்கள். வட அமெரிக்காவின் மட்டி உண்ணிகளைச் சிஓஐ வரிசையால் ஒப்பிட்டு, விட்ரினோடு சேர்ந்து 2010-இல் கிளைமரம் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஃபொய்லியின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ முழுவதையும் வரிசைப்படுத்தி வெளியிட்டிருந்தார்கள். அதில் மரபணுக்கள் அமைந்திருக்கும் ஒழுங்கு வேறெந்த உண்ணியிலும் அதுவரை கண்டிராதது. இது ஏன் பெரிய செய்தி என்றால், எழுத்துகள் மாறுவது அடிக்கடி நடக்கும்; மாறியது பழையபடி திரும்பிவரவும் கூடும். சிஓஐயில் குறிப்பாக ஒவ்வொரு மூவெழுத்தின் கடைசி எழுத்து வேகமாக மாறிமாறி, தொலைதூர உறவுகளின் தடயத்தையே அழித்துவிடும். 37 மரபணுக்களின் வரிசைக்கிரமம் அப்படி லேசில் மாறுவதில்லை. இரண்டு இனங்களில் ஒரே விதமான விசித்திர ஒழுங்கு இருந்தால், அது தற்செயலாக இருமுறை நிகழ்ந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

என்றாலும் மைட்டோகாண்ட்ரியா தாய்வழிச் சொத்து. ஒரு வம்சாவளியின் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும். உட்கருவில் இருக்கும் 18எஸ், 28எஸ் மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போலந்தின் டேபர்ட்டும் மற்றவர்களும் 2016-இல் நீர் உண்ணிகளின் பெரும்பிரிவுகளுக்கு இடையிலான உறவுகளை ஆராய்ந்தபோது அப்படித்தான் செய்தார்கள்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. நீங்கள் கேட்டவற்றிலேயே இதுதான் நல்ல கேள்வி. இதற்குத்தான் பலரும் அவசரப்பட்டுப் பதில் சொல்கிறார்கள்.

எட்வர்ட்ஸும் விட்ரினும் 2006-இல் மட்டி உண்ணிகளின் வீட்டு விசுவாசத்தைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். பல இனங்கள் ஒன்று அல்லது ஒருசில மட்டி இனங்களில் மட்டுமே வாழ்கின்றன. இதைப் படித்தவுடன், "ஆகா, மட்டி இரண்டாகப் பிரிந்தபோது உள்ளே இருந்த உண்ணியும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது" என்று மனம் சொல்லும். மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் அந்த வீட்டிலேயே தோன்றியது என்று ஆகிவிடுமா? இன்று ஒரே மட்டியோடு இருப்பது ஒரு செய்தி. ஆதியிலிருந்தே அந்த மட்டியின் வம்சத்தோடு வந்தது என்பது வேறு செய்தி. முதலாவதைப் பார்க்கக் குளமும் நுண்ணோக்கியும் போதும். இரண்டாவதற்கு இரண்டு மரங்கள் வேண்டும்: உண்ணிகளுடையது ஒன்று, மட்டிகளுடையது ஒன்று.

இரண்டையும் எதிரெதிரே வைத்து யார் யாருக்குள் வாழ்கிறார் என்று கோடிழுத்துப் பாருங்கள். கோடுகள் குறுக்கே வெட்டாமல் நேராக ஓடினால் கூடவே பிரிந்திருக்கலாம். குறுக்கே வெட்டினால் உண்ணி எப்போதோ வீடு மாறியிருக்கிறது. இவற்றுக்கு நடுவில் வேறு சில கதைகளும் உண்டு. மட்டி பிரியாமலேயே உள்ளிருந்த உண்ணி இரண்டாகப் பிரிந்திருக்கலாம்; ஒன்று செவுளையும் மற்றொன்று மேன்டிலையும் பிடித்துக்கொண்டு ஒரே மட்டிக்குள் வாழலாம். ஒரு கிளை மட்டியில் உண்ணி அழிந்தே போயிருக்கலாம். புதிய மட்டி இனம் பிரிந்த இடத்துக்கு உண்ணி போய்ச் சேராமலே இருந்திருக்கலாம்.

நேரான கோடுகளும் பொய் சொல்லும். வட அமெரிக்காவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பாக்கெட் கோஃபர் என்ற கொறிணிகளும் அவற்றின் பேன்களும் இந்தத் துறையின் பாடப்புத்தக உதாரணம். ஹாஃப்னரும் நேட்லரும் 1988-இல் இரண்டு மரங்களும் பெருமளவு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். 1994-இல் ஹாஃப்னரும் குழுவினரும் அதோடு நிற்காமல் கிளைகளின் நீளத்தையும் ஒப்பிட்டார்கள். பேன்களின் டிஎன்ஏ கோஃபர்களுடையதைவிடப் பல மடங்கு வேகமாக மாறுகிறது. ஆனால் அந்த விகிதம் கிளைக்குக் கிளை ஒத்துப்போகிறது. அதாவது இருவரும் ஒரே காலத்தில் பிரிந்திருக்கிறார்கள். வடிவம் மட்டுமல்ல, காலமும் ஒத்துவர வேண்டும். மட்டிகள் முதலில் பிரிந்து முடித்து, அதற்கு வெகுகாலம் கழித்து உண்ணிகள் நெருங்கிய உறவுள்ள மட்டிகளுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியிருந்தாலும் மரங்களின் வடிவம் ஒத்துப்போகும்.

கோஃபர் பேன்கள் கோஃபர்களோடு கூடவே பிரிந்ததில் ஆச்சரியமில்லை. கோஃபர் தனிமை விரும்பி, பேனுக்கோ சிறகில்லை. நம் உண்ணியின் நிலை அதுவா? கொசுவின் முதுகில் ஏறிப் பறக்கும் உயிர் அது. மட்டியின் லார்வாவோ மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு பரவுகிறது. மீன் ஆற்றுப்படுகையைத் தாண்டாது. கொசு மேட்டைத் தாண்டி அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். வீட்டுக்காரர் மீன் வழியாகவும் குடியிருப்பவர் கொசு வழியாகவும் ஊர் மாறும்போது, இருவருடைய மரங்களும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. என் கணிப்பு இது: மட்டி உண்ணிகளின் கதையில் தாவல்கள் ஏராளம் இருக்கும். ஆனால் அந்தத் தாவல் மட்டியின் வாசத்தை உணரும் திறனால் கட்டுப்பட்டது. ஏறக்குறைய ஒரே வாசமுள்ள உறவுக்கார மட்டிகளுக்குள்தான் பெரும்பாலும் நடக்கும். கண்மூடித்தனமான தாவலும் அல்ல, கைகோத்த பயணமும் அல்ல.

மட்டியின் மரத்தை வரையப் போகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாகத்தான் வரும் என்று இப்போதுதான் சொன்னேன். மட்டிகளில் அது பொய். 1990-களின் தொடக்கத்தில் மைட்டிலஸ் என்ற கடல் மட்டியில் முதலில் தெரிய வந்தது: தாயின் மைட்டோகாண்ட்ரியா எல்லாப் பிள்ளைகளுக்கும் போகிறது, தந்தையுடையது மகன்களுக்குப் போய், அவர்களின் விந்தகத்தில் நிலைக்கிறது. நன்னீர் மட்டிகளிலும் இதே கதை. ஒரே ஆண் மட்டியின் உடலில் இரண்டு மைட்டோகாண்ட்ரிய வம்சங்கள். இரண்டுக்கும் வேறுபாடு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடும். இவ்விரண்டும் பிரிந்து 20 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்று மதிப்பிடுகிறார்கள். கவனமில்லாமல் ஒரு மட்டியின் விந்தகத்தையும் இன்னொரு மட்டியின் பாதத்தையும் எடுத்து வரிசைப்படுத்தினால், மரத்தில் ஆண் வரிசைகள் எல்லாம் ஒரு பக்கமும் பெண் வரிசைகள் எல்லாம் மறுபக்கமும் ஒதுங்கும். வெவ்வேறு இனத்து ஆண்கள் இருவர் உடன்பிறந்தவர்களாகத் தெரிவார்கள். அதை உண்ணி மரத்தோடு ஒப்பிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. பாதத்திலிருந்தோ மேன்டிலிலிருந்தோ ஒரு துளி சதை எடுத்தால் இந்த வம்பு இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஃபொய்லியின் மட்டியான யூட்டர்பாக்கியா இம்பெசில்லிஸ் இருபாலுயிரி. அதற்கு இந்த ஆண்வழி மைட்டோகாண்ட்ரியாவே இல்லை.

கடைசிக் கேள்வி. எடுக்கலாமா? தாராளமாக. ஆனால் அமெரிக்க ஆய்வை அப்படியே இங்கே நகலெடுக்காதீர்கள். அவர்களுக்கு அடித்தளமாகப் பல பத்தாண்டு வகைப்பாட்டு வேலை இருந்தது. எந்த ஆற்றில், எந்த மட்டியில், உடலின் எந்தப் பகுதியில், எந்த உண்ணி என்ற பட்டியல் இல்லாமல் டிஎன்ஏ வரிசை வெறும் எழுத்துக் குவியல். இந்திய நீர் உண்ணிகளுக்கு டேவிட் குக் 1967-இல் வெளியிட்ட நூல் உண்டு, அதிலிருந்து தொடங்குங்கள். நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் லேமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ், பாரேசியா கோருகேட்டா என்ற இரு மட்டிகள் எளிதில் கிடைக்கும். ஒரே குளத்தில் இரண்டும் இருந்தால் அதுவே உங்கள் ஆய்வுக்களம்: இரண்டிலும் இருப்பது ஒரே உண்ணியா, ஃபார்மோசா, ஃபொய்லி போல இரண்டா? ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு இந்த ஒரு கேள்வி போதும்.  பணம் பெரிய தடையல்ல.

மாதிரி எடுப்பதில் ஒரு நுணுக்கம். ஃபார்மோசா, ஃபொய்லி போன்றவற்றில் ஒரு மட்டிக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு ஆண்தான் பல பெண்களோடு இருக்கும். வேறு ஆண் நுழைந்தால் சண்டை, சில சமயம் சாவு. ஒரே மட்டிக்குள் இருப்பவை தங்களுக்குள் எவ்வளவு சொந்தம் என்று அறிவதற்காகவே எட்வர்ட்ஸ் குழு 2004-இல் ஃபொய்லியில் தனியாக ஒரு டிஎன்ஏ ஆய்வு செய்தது. எனவே ஒரே மட்டியிலிருந்து இருபது உண்ணி எடுத்துவிட்டு "இருபது மாதிரி" என்று எழுதாதீர்கள். இருபது மட்டிகளிலிருந்து ஒவ்வொன்று எடுங்கள்.

மட்டிகளைக் கொல்ல வேண்டியதில்லை. வாயை ஒரு சென்டிமீட்டருக்குள் மெல்ல விரித்து, உள்ளே குளத்து நீரைப் பீய்ச்சிக் கழுவினால் நடமாடும் உண்ணிகள் கிண்ணத்தில் விழும். மட்டியைத் திரும்பக் குளத்திலேயே விட்டுவிடலாம். கோயில் குளமென்றால் நிர்வாகத்திடம், காப்புக்காடென்றால் வனத்துறையிடம் முன்னதாகவே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் சென்னையிலேயே இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஒரு மட்டிக்கு ஒரு குப்பி, உள்ளே எத்தனால். இடம், தேதி, மட்டியின் இனம், உண்ணி இருந்த உறுப்பு ஆகியவற்றைச் சிறு காகிதத்தில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மையை எத்தனால் கரைத்துவிடும்.